நாலு முறை பெயிலான மோட்டார் சைக்கிள்

கனடாவில், ஒன்ராறியோவில் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்குகிறவன், அதை வீதியில் இறக்குவதற்கு முன்னர் ஒரு பரிசோதனையில் சித்தியடைய வைக்கவேண்டும். எங்கள் ஆட்கள் அதைச் சுருக்கமாக ‘சேஃப்டி’ என்பார்கள். சேஃப்டி இல்லாவிட்டால் நம்பர் பிளேட் இல்லை. பிளேட் இல்லாவிட்டால் வாகனம் கராஜுக்குள் நிற்கும் ஒரு தளபாடம். சில நாடுகளில் இந்தப் பரிசோதனை வருடாவருடம் வருமாம். இங்கே வாகனம் கைமாறும்போது மட்டும்தான். என்னுடையது ஒரே வருடத்தில் நாலு தடவை போனது. நாலு தடவையும் பெயில். ஆண்டுக்கு ஒருமுறை என்று சட்டம் இருந்திருந்தால் எனக்கு அது சலுகையாக இருந்திருக்கும்.

ஊரில் போர் முடியப்போகிற அந்த வசந்தத்தில் எனக்கு நாற்பத்தெட்டு வயது. டொக்டர் இரத்தத்தில் சீனி கூடிவிட்டதென்று சொல்லி, மனதுக்குப் பிடித்த ஏதாவது ஒன்றைத் தொடங்கும்படி ஆலோசனை தந்தார். அவர் நடைப்பயிற்சியைத்தான் சொல்லியிருக்கிறார் என்பது பின்னர்தான் தெரிந்தது. நான் வாசித்த நாவல்களில் இந்த வயதில் ஆண்கள் கப்பலேறுவார்கள், மடத்தில் சேருவார்கள், அல்லது இன்னொருத்தர் மனைவியைக் காதலிப்பார்கள். ஸ்காபரோவில் நாங்கள் இருக்கும் வோபர்னில் கடல் இல்லை. மடத்தில் ஐந்து மணிக்கு எழுப்புவார்கள். மூன்றாவதற்கு வேண்டிய வயிறு என்னிடம் இல்லை. அதனால் மோட்டார் சைக்கிள்.

நகரத்தின் மறுகோடியில், ரெக்ஸ்டேலில், ஓய்வுபெற்ற ஒரு வெள்ளைக்காரர் விற்றார். நான் பல்கலைக்கழகம் புக ஏ.எல். சோதனை எழுதிய வருடத்தில் ஜப்பானில் செய்யப்பட்டது. எங்கள் இருவரிலும் அதுதான் உடம்பைக் கட்டுப்பாட்டில் வைத்திருந்தது.

அதை வீட்டுக்குக் கொண்டுவந்தது என் நண்பனுடைய வான். அவன் சாப்பாட்டுக் கடைகளுக்கு மரக்கறி விநியோகிக்கிறவன். மோட்டார் சைக்கிள் இறங்கியபோது இருக்கையில் முருங்கைக்காய் வாசம் வீசியது. மனைவி கராஜ் வாசலில் வந்து நின்றாள்.

“இஞ்சாருங்கோ, உது என்ன?”

“மோட்டச்சைக்கிள்.”

“அது தெரியுது. ஏன் எண்டு கேக்கிறன்.”

நண்பன் வானுக்குள் ஏறி, இல்லாத பெட்டி ஒன்றைத் தேடத் தொடங்கினான்.

“அங்கை சனம் பங்கருக்குள்ளை கிடக்குது. உங்களுக்கு மோட்டச்சைக்கிள் கேக்குதோ?”

அவள் கேட்டதில் பிழையில்லை. அவளுடைய ஒரே தம்பி சண்டை நடந்த வன்னிக்குள் அகப்பட்டிருந்தான். தை மாதத்துக்குப் பிறகு தொடர்பில்லை. ஒவ்வொரு நாள் காலையும் அவள் அவனுடைய நம்பரை அழுத்துவாள். பதிவு செய்யப்பட்ட ஒரு பெண்குரல், அழைக்கும் இலக்கம் பாவனையில் இல்லை என்று மூன்று மொழிகளில் மரியாதையாகச் சொல்லும். மனைவி மூன்று மொழியையும் முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் வைப்பாள். ஒரு மொழியிலாவது மாற்றிச் சொல்லிவிடாதா என்பதுபோல.

கடைசியில் வைகாசி நடுவரை ஒரு கெடு வைத்தாள். “விக்டோரியா டே லோங் வீக்கெண்டுக்குள்ளை பிளேட் ஏறாட்டி உது இஞ்சை நிக்கக்கூடாது. சொல்லிப்போட்டன்.”

கார்களுக்கு சேஃப்டி செய்ய ஸ்காபரோவில் பிளாசாவுக்குப் பிளாசா எங்கள் ஆட்களின் கராஜ் உண்டு. மோட்டார் சைக்கிள் என்றதும் அவர்கள் என்னைத்தான் மேலும் கீழும் பார்த்தார்கள். “அண்ணை, ரெண்டு சில்லுக்கு எங்களிட்டை லைசென்ஸ் இல்லை. உங்களிட்டை இருக்கோ?” என்று ஒருவர் கேட்டார். ஆகவே வான், மோட்டார் சைக்கிளைப் பரிசோதிக்கும் கராஜ் தேடி, திரும்பவும் ரெக்ஸ்டேலுக்கு. வந்த வாகனம் வந்த வழியே போனது.

பரிசோதகர் ஒரு போலந்துக்காரர். அறுபது வயதிருக்கும். குட்டையானவர், பேசுவதில் கஞ்சன். கையில் டோர்ச், காதில் பேனை. மோட்டார் சைக்கிளைச் சுற்றி இரண்டு தரம் நடந்தார். முன்சில்லை நிலத்திலிருந்து கிளப்பி, ஹாண்டிலை இடமும் வலமும் திருப்பி, கழுத்துப் பேரிங்கில் ஏதும் கறகறப்பு கேட்கிறதா என்று காதைக் கொடுத்தார். டயரில் நகத்தால் கீறினார். செயினைத் தூக்கினார். எஞ்சினை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. எனக்கு மனம் பொறுக்கவில்லை. அந்த எஞ்சினை நம்பித்தான் வாங்கினேன்.

“எஞ்சின் நல்லது,” என்றேன்.

“அது உன் பிரச்சினை,” என்றார். “ஓடுகிறதா என்று நான் பார்ப்பதில்லை. நிற்கிறதா என்றுதான் பார்ப்பேன். மற்றவனுக்குத் தெரிகிறதா, கேட்கிறதா என்று பார்ப்பேன்.”

பழைய மோட்டார் சைக்கிள்கள் எஞ்சினால் பெயிலாவதில்லை என்ற உண்மையை அன்றுதான் தெரிந்துகொண்டேன். பூ என்று சொல்லும் வரிகள் மிச்சமிருந்தும் ரப்பர் வெடித்துப்போன டயர், கறள் பிடித்த ஹோர்ன், ஒரு பக்கம் மட்டும் சிமிட்டும் சிக்னல், இவற்றால்தான் பெயிலாகின்றன. என்னுடையதில் பதினொரு பிழைகள். அவர் வாசித்து முடித்ததும், நல்லதென்று ஏதாவது உண்டா என்று கேட்டேன். மோட்டார் சைக்கிளை இன்னொரு தரம் சுற்றிவந்தார்.

“நிறம்,” என்றார்.

அதற்குப் பிறகு எங்கள் கராஜ் ஒரு சங்கமாகிவிட்டது. அந்த நாட்களில் நண்பனும் இன்னும் சிலரும் பின்னேரங்களில், போரை நிறுத்தச் சொல்லி டவுன்ரவுனில் நடந்த ஆர்ப்பாட்டங்களுக்குப் போய்விட்டு, பதாகைகளும் மரக்கறிப் பெட்டிகளுமாக வானில் நேரே எங்கள் வீட்டுக்கு வருவார்கள். கத்தித் தொண்டை கட்டியிருக்கும். எல்லாருக்கும் அங்கே யாரோ இருந்தார்கள். எவராலும் எதுவும் செய்யமுடியவில்லை. செய்யக்கூடியதாக அந்த வீட்டில் இருந்தது ஒரு மோட்டார் சைக்கிள்தான். அதனால் எல்லாரும் சேர்ந்து அதைச் செய்தார்கள்.

அவர்கள் அத்தனைபேரும் பொருளாதாரத் தடைக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிள் ஓடியவர்கள். பெற்றோலை நாலு சொட்டு விட்டு எஞ்சினை எழுப்பி, மிச்சத்தை மண்ணெண்ணெயில் ஓட்டிய பரம்பரை. உதிரிப்பாகம் என்ற சொல்லையே அவர்கள் சந்தேகத்தோடு பார்த்தார்கள்.

“கடையிலை வேண்டுறதோ? உனக்கென்ன விசரே?” என்றான் நண்பன். “ஒரு பழைய செருப்பைக் கொண்டா.”

செருப்பு வந்தது. வெட்டப்பட்டது. கால்மிதிக்கு ரப்பராகவும், பற்றறிக்கு மெத்தையாகவும், இரண்டு சிக்னலும் ஆடாமலிருக்க ஆப்புகளாகவும் பிரிந்து போய்ச் சேர்ந்தது. இரண்டு வாரத்தில் பதினொரு பிழையும் தீர்ந்துவிட்டதென்று சங்கம் அறிவித்தது.

இரண்டாம் முறை போலந்துக்காரர் பற்றறிக்குக் கீழே டோர்ச்சை அடித்தார். விரலை விட்டு எதையோ இழுத்தெடுத்தார். நீல நிறத்தில், குதிக்கால் வளைவோடு இருந்தது.

“இது என்ன?”

“ரப்பர்.”

“இது செருப்பு.”

“ஓம்,” என்று தமிழிலேயே சொன்னேன்.

அவர் அதை வெளிச்சத்தில் பிடித்து, வெட்டப்பட்ட விளிம்பைத் தடவிப் பார்த்தார். “நல்ல வேலை,” என்றார். பெயில் என்று எழுதினார். இம்முறை நாலு பிழைகள். நாலும் ஒரே செருப்பு.

வீட்டில் மனைவி ஒரு வாரமாகத் தன்னுடைய குளியலறைச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். வலதுகால் மட்டும் இருந்தது. அதற்குப் பிறகு நடந்ததை இங்கே எழுதாமல் விடுகிறேன்.

நான் சங்கத்தைக் கலைத்துவிட்டு, கடைக்குப் போய் உண்மையான பாகங்களை வாங்கிப் பூட்டினேன். கெடுவுக்கு இன்னும் ஒன்றரைக் கிழமைதான் இருந்தது. மூன்றாம் பரிசோதனைக்கு நாள் எடுத்துவிட்டேன் என்று சொன்னபோது, மனைவி எதிர்பாராத ஒன்றைச் சொன்னாள்.

“பூசை செய்யாமல் கொண்டுபோனால் உப்பிடித்தான் பெயிலாகும்.”

அவள் எப்படியும் அப்போது தினமும் கோயிலுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தாள். எங்கள் கோயில் தொழிற்பேட்டை ஒன்றில், ஓர் அச்சகத்துக்கும் தரைவிரிப்புக் கிடங்குக்கும் நடுவில் இருக்கிறது. அந்தச் சனிக்கிழமை உள்ளே கால்வைக்க இடமில்லை. ஒவ்வொருவர் கையிலும் அர்ச்சனைத் துண்டு, அதில் வன்னியில் இருக்கும் ஒருவரின் பெயர். ஐயருக்குக் குரல் அடைத்துவிட்டது. வாகன பூசைக்கென்று அவரைக் கார்த் தரிப்பிடத்துக்குக் கூட்டிவந்தபோது, பாதி மந்திரம் உதட்டிலேயே வந்துகொண்டிருந்தது. மோட்டார் சைக்கிளைக் கண்டு ஒரு கணம் தயங்கினார். பிறகு, நின்ற நிலையிலேயே கேட்டார்.

“பேர், நட்சத்திரம்?”

வாகனத்தின் சொந்தக்காரனுடையதைத்தான் கேட்டார். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் மனைவி சொல்லிவிட்டாள். தம்பியின் பெயர். பூரட்டாதி.

ஐயர் திருத்தம் கேட்கிற மனிதரல்ல. அந்தப் பெயருக்கும் அந்த நட்சத்திரத்துக்கும் சங்கல்பம் செய்து, ஹெட்லைற்றில் சந்தனத்தை அப்பி, குங்குமம் வைத்து, சில்லுகளின் கீழே தேசிக்காய் வைத்தார். பிறகு மஞ்சள் நூல் ஒன்றை எடுத்து, ஹாண்டிலின் வலதுபக்கப் பிடியில் சுற்றத் தொடங்கினார். ஏழு சுற்று. இறுக்கி ஒரு முடிச்சு, அதற்கு மேல் இன்னொரு முடிச்சு. மனைவி கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். அவளுடைய உதடு அசைந்தது.

திரும்பி வரும்போது வானில் நான் மெல்லக் கேட்டேன். “என்ன, என்ரை சைக்கிளுக்கு அவன்ரை பேரைச் சொல்லிப்போட்டீர்?”

“அதுதான் வாயிலை வந்தது.” கொஞ்சத் தூரம் போன பிறகு சொன்னாள். “நேர்த்தி வைச்சிருக்கிறன். அவன்ரை குரலைக் கேட்டாப் பிறகு நான்தான் அந்த நூலை எடுப்பன். வேறை ஒருத்தரும் கை வைக்கக்கூடாது. நீங்களும்தான்.”

வானை ஓட்டிக்கொண்டிருந்த நண்பன் கண்ணாடியில் என்னைப் பார்த்தான். நான் வெளியே பார்த்தேன்.

மூன்றாம் பரிசோதனையில் எல்லாமே சரியாக நடந்தது. டயர் பாஸ். ஹோர்ன் பாஸ். ஹெட்லைற்றிலிருந்த சந்தனத்தைப் போலந்துக்காரர் ஒரு துணியால், காயத்தைத் துடைப்பதுபோலத் துடைத்தார். முன் பிரேக்கைப் பிடித்தால் பின்லைற் எரிந்தது. பின் பிரேக்கை மிதித்தாலும் எரிந்தது. காதிலிருந்து பேனையை எடுத்துவிட்டார். பிறகு, ஏதோ நினைவு வந்தவராக வலதுபக்கப் பிடியைத் திருப்பி விட்டார். அக்சிலேற்றர் திருகியது. திருகிய இடத்திலேயே நின்றது.

மறுபடி திருகினார். மறுபடி நின்றது.

“விட்டால் தானாகத் திரும்ப வேண்டும்,” என்றார். “திரும்பாவிட்டால் நீ விழுந்த பிறகும் அது ஓடிக்கொண்டிருக்கும்.”

குனிந்து பார்த்தார். ஏழு சுற்றில் இரண்டு, கைப்பிடிக்கும் சுவிட்ச் பெட்டிக்கும் இடையிலிருந்த நீக்கலுக்குள் இறங்கி இறுகியிருந்தன. மேசை இலாச்சியைத் திறந்து ஒரு கத்தியை எடுத்து நீட்டினார்.

“வெட்டு. கையெழுத்துப் போடுகிறேன்.”

“முடியாது.”

“ஏன்?”

“மனைவி.”

அந்தச் சொல்லுக்கு உலகத்தின் எல்லா கராஜ்களிலும் ஒரே மரியாதைதான். கத்தியை மடக்கினார். ஆனால் காரணத்துக்காகக் காத்திருந்தார். நான் சொன்னேன். போர், தம்பி, குரல், நூல். என் ஆங்கிலத்தில் அது ஒரு மடையனின் கதைபோலத்தான் வந்தது. அவர் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு பேனையை எடுத்தார்.

“நான் கடவுளைப் பெயிலாக்கவில்லை,” என்றார். “அக்சிலேற்றரைத்தான் பெயிலாக்குகிறேன்.”

பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றுக்கு இருக்கக்கூடிய எல்லா நோயும் மாறி, பக்தியால் மட்டும் பெயிலானது என்னுடையதாகத்தான் இருக்கவேண்டும். வானில் ஏற்றும்போது நண்பன் யோசனை சொன்னான்.

“மச்சான், அவ என்ன சுத்தை எண்ணியே வைச்சிருக்கிறா? நைஸா வெட்டு, பாஸை எடு, வேறை நூலைச் சுத்திவிடு. கடையிலை மஞ்சள் நூல் கட்டுக்கட்டாக் கிடக்குது.”

“சீ,” என்றேன். ஆனால் இரண்டு நாள் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

விக்டோரியா டே வந்தது. எல்லாம் முடிந்துவிட்டதென்ற செய்தியும் அன்றுதான் வந்தது. தொலைக்காட்சியில் காட்டியதையே காட்டினார்கள். மனைவி அதன் முன்னால் இருக்கவில்லை. அடுப்படியில் நின்று, ஏற்கெனவே கழுவிய கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். இருட்டத் தொடங்கியதும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் வழக்கம்போல வாணவேடிக்கை கொளுத்தினார்கள். அவர்களுக்கு அது ஒரு மகாராணியின் பிறந்தநாள். முதல் வெடிக்கு மனைவி ஜன்னலைச் சாத்தினாள். நான் மற்ற ஜன்னலைச் சாத்தினேன். கெடு அன்றோடு முடிந்தது.

அதன் பிறகு அந்த மோட்டார் சைக்கிளை அப்புறப்படுத்துவதென்ற பேச்சே இருக்கவில்லை. பாஸாக்கவும் முடியாது, விற்கவும் முடியாது. மனைவி காலையில் எழுந்து நம்பரை அழுத்துவாள். இப்போது அந்த மூன்று மொழிப் பெண்கூட வருவதில்லை. ஒரு நீண்ட சத்தம் மட்டும். பிறகு முகாம்களிலிருந்து வரும் பெயர்ப் பட்டியல்களை விரலால் தொட்டுத்தொட்டு வாசிப்பாள். பிறகு கராஜுக்குப் போய், ஒரு துணியால் மோட்டார் சைக்கிளின் பெற்றோல் தாங்கியையும் இருக்கையையும் துடைப்பாள். வலதுபக்கப் பிடிக்கு வந்ததும் கை தானாக விலகிப்போகும். இருபது வருடத் தாம்பத்தியத்தில் என்னுடைய பொருளொன்றை அவள் தூசு தட்டியது அதுதான் முதல் தடவை. என்னுடையதென்று நான் சொல்வது பழக்கதோஷம்.

ஆனி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் அவள் கடைக்குப் போயிருந்தாள். வெயில் அருமையாக எறித்தது. வீதியில் மோட்டார் சைக்கிள்கள் கூட்டங்கூட்டமாகப் போயின. ஒவ்வொரு சத்தத்துக்கும் நான் கராஜ் வாசலுக்கு வந்து பார்த்தேன். அந்த நேரம் பார்த்து நண்பன் வந்தான். ஒரு கையில் சவரம் செய்கிற பிளேட், மற்றக் கையில் புத்தம்புது மஞ்சள் நூல்கட்டு.

“வெட்டு, மச்சான். அரை மணித்தியால வேலை.”

பிளேட்டை வாங்கினேன். பகுத்தறிவு பற்றி நான் வாசித்த புத்தகங்களை அடுக்கினால் அந்த கராஜில் ஒரு சுவருக்குக் காணும். ஒரு நூலுக்கும் ஒரு மனித உயிருக்கும் சம்பந்தமில்லை என்பதை மேற்கோள்களோடு நிறுவ என்னால் முடியும். பிளேட் நூலுக்கு ஒரு விரல்கடை தூரத்தில் நின்றது. அதற்கு மேல் கை போகவில்லை.

“நீ வெட்டு,” என்றேன்.

“நானோ? சைக்கிள் உன்ரை.”

“என்ரை இல்லை. பூரட்டாதியின்ரை.”

அவன் பிளேட்டை வாங்கினான். அவனும் குனிந்தான். அவனும் நிமிர்ந்தான். “சனியன்,” என்று மோட்டார் சைக்கிளைப் பார்த்துச் சொன்னான். பிறகு இரண்டுபேரும் தேத்தண்ணி குடித்தோம். அந்த நூல்கட்டை அவன் கத்தரிக்காய்ப் பெட்டிகளைக் கட்டப் பாவித்தான்.

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், காலை பத்துமணிபோல் தொலைபேசி அடித்தது. மனைவி குளித்துக்கொண்டிருந்தாள். நான்தான் எடுத்தேன்.

“அத்தான்?”

ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

“அத்தான், நான்தான். காம்பிலை நிக்கிறன். கனநேரம் கதைக்கேலாது, போன் வேறை ஒராளின்ரை. அக்கா எங்கை?”

“குளிக்கிறா.” ஆறு மாதம் காத்திருந்த ஒருவனுக்கு நான் கொடுத்த முதல் செய்தி அது. கதவில் இடி இடியென்று இடித்தேன். தண்ணீர்ச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. லைன் அறுந்துவிடுமோ என்று பயம். எதையாவது சொல்லி அவனைப் பிடித்துவைத்திருக்க வேண்டும். “நான் ஒரு மோட்டச்சைக்கிள் வேண்டியிருக்கிறன்,” என்றேன்.

“ஆர், நீங்களோ?” பிறகு அவன் சிரித்தான். இருமலும் சிரிப்புமாக வந்தது. “உங்களுக்கு சைக்கிளே ஒழுங்கா ஓடத் தெரியாதே அத்தான். எத்தினை சிசி?”

“நாநூறு.”

“ஐயோ கடவுளே. அக்காவை ஏத்திப்போடாதேங்கோ.”

கதவு திறந்தது. என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது. ஈரத்தலையோடு வந்து தொலைபேசியைப் பறித்தாள். “சாப்பிட்டனியோ?” என்று கேட்டாள். அவன் ஏதோ சொன்னான். “சாப்பிட்டனியோ?” என்று திரும்பவும் கேட்டாள். மூன்றாம் தரம் கேட்கும்போது லைன் அறுந்துவிட்டது.

தொலைபேசியை வைத்துவிட்டு, அடுப்படிக்குப் போய்க் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு நேரே கராஜுக்கு நடந்தாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே போனது. நான் பின்னால் ஓடினேன். “மெதுவா, மெதுவா, அதுக்குக் கீழை—” என்று தொடங்கினேன். ஒரே வெட்டு. கோழி வெட்டுகிற பெலத்தோடு. நூலைச் சுழற்றிச் சுழற்றி எடுத்து, உள்ளங்கையில் பொத்திக்கொண்டு சாமித்தட்டுக்குக் கொண்டுபோனாள்.

அடுத்த வாரம் நாலாம் பரிசோதனை. போலந்துக்காரர் முதலில் அக்சிலேற்றரைத்தான் திருகினார். விட்டார். ‘டக்’கென்று திரும்பியது. இன்னொரு தரம் திருகினார். மூன்றாம் தரம் தேவையில்லாமல் திருகினார். பின் பிரேக்கை மிதித்தார், லைற் எரிந்தது. முன் பிரேக்கைப் பிடித்தார். எரியவில்லை. பிரேக் பிடிக்குக் கீழே டோர்ச்சை அடித்தார். இரண்டு மெல்லிய வயர்கள், நேர்த்தியாக, ஒரே வெட்டில் துண்டாகியிருந்தன.

“யார் வெட்டியது?”

“மனைவி.”

அவர் நூல் இல்லாத பிடியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“தம்பி?”

“இருக்கிறான். முகாமில்.”

தலையை ஆட்டினார். கடதாசியை மேசையில் வைத்து, பெயில் என்று வடிவாக எழுதி, கையெழுத்திட்டு, என்னிடம் நீட்டினார். நீட்டிய கையை எடுக்காமல் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கிறீஸ் பிடித்த கை. கனநேரம் விடவில்லை.

வெளியே நண்பன் வானின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, வெண்டிக்காய்ப் பெட்டிகளை ஒதுக்கிக்கொண்டிருந்தான்.

“பாஸோ, மச்சான்?”

“பெயில்.”

“பிறகேன்ரா பல்லைக் காட்டிக்கொண்டு வாறாய்?”